சிம்ஹாவின் மகன் நஹ்ஷோன்

திபேரியா
ஞாயிறு, 15 அக்டோபர்

நஹ்ஷோனுக்கு,

பதில் தெரியாத ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உன் பெயரை இறந்தவர்கள் பட்டியலில் சேர்த்தது யார்?

ஆறு வருடம் கழித்து நான் எழுதும் முதல் வரி இதுவாக இருப்பது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் வேறு எப்படிக் கேட்பது?

நம் தெருவின் வலைப்பூவை நீ தொடங்கிவிட்டு, ஒன்பது வருடம் முன்பு ஊரைவிட்டுப் போன பிறகு நான்தான் நடத்திவருகிறேன். சபாத் ஓய்வுநாளுக்கு விளக்கேற்றும் நேரம், காணாமல்போன பூனைகள், ஏரியின் நீர்மட்டம், நோயாளிகள் பட்டியல், நினைவுநாள் பட்டியல் எல்லாம் இன்னும் நீ அமைத்தபடியேதான். எபிரேய மாதம் பிறக்கும் முன் வரும் ஞாயிற்றுக்கிழமை, அந்த மாதத்து நினைவுநாள் பெயர்களை நீ எழுதிய கணினி நிரலே திரட்டி வெளியிடும். இன்று காலை ஹெஷ்வான் மாதப் பட்டியல் வந்தது. பதினாறாம் தேதிக்கு மீன்கடை ஒவதியாவின் தகப்பனார். பத்தொன்பதுக்கு நம் மேல்வீட்டு மஸாலின் தங்கை. நடுவில், "17 ஹெஷ்வான்: நஹ்ஷோன், சிம்ஹாவின் மகன்."

நம் ஆலயத்து வழக்கம் உனக்குத் தெரியும். நோயாளிக்காக ஜெபிக்கும்போது தாயின் பெயர் சொல்வோம், இறந்தவருக்குத் தகப்பனின் பெயர். இறந்தவர்கள் நடுவே தாய் சிம்ஹாவின் பெயரோடு நிற்பவன் நீ ஒருவன்தான். இதை எழுதிய கை உன்னை உயிரோடிருப்பவனாகவே எண்ணியிருக்கிறது.

மஸால் எனக்கு முன்பே பார்த்துவிட்டாள். மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு வர்றது எனக்கு வரட்டும்டி கண்ணு, செத்துட்டானா அந்தப் பாவி?"

"தெரியல."

"தெரியலையா? உன் புருஷன்டி! செத்துட்டான்னா ஒனக்கு விடுதலை. நான் அழணுமா சிரிக்கணுமா, அதையாவது சொல்லு!"

ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் ரஹமிமிடம் கேட்டேன். தான் எழுதவில்லை என்று சத்தியம் செய்தார். பிறகு தாடியைத் தடவிக்கொண்டு, "பதினேழா? நோவா காலத்துல வானம் தொறந்துச்சே, அதே தேதிம்மா. நீ தண்ணி அளக்குறவ, ஒனக்குத் தெரியாததா?" என்றார். தண்ணீர் அளப்பவளுக்கு அது தெரியவேண்டிய கட்டாயம் இல்லை. ஒன்பது வருடமாக நான் அளப்பது இறங்குமுகத்தை மட்டும்தான்.

நீ உயிரோடு இருந்தால் ஒரு வரி எழுது.

ஹெம்தா

*

புவெனஸ் ஐரிஸ்
செவ்வாய், 17 அக்டோபர்

என் ஹெம்தா,

உயிரோடுதான் இருக்கிறேன். மஸாலிடம் சொல், இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கட்டும்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபமாகவாவது எழுதினாயே! இங்கே எல்லாம் சுமார். ஆலய நூலகத்தில் யாரும் கேட்காத புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறேன். வசந்தம் வந்துவிட்டது, ஜன்னலுக்கு வெளியே மரமெல்லாம் ஊதாப் பூ. படிக்கட்டு மட்டும் போன வருடத்தைவிட நீண்டுவிட்டது. வீட்டுக்காரம்மா "உங்களுக்கு வயசாயிடுச்சு" என்கிறாள். படிக்கட்டுக்கு வயதாகிவிட்டது என்பது என் கட்சி.

பட்டியலைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தாய் என்று கேட்பாய். ஒவ்வொரு வெள்ளியும் அந்த வலைப்பூவைப் படிக்கிறேன், ஹெம்தா. ஒன்பது வருடமாக. பூனைகளைக்கூட விடுவதில்லை. நீ நீர்மட்டம் போடும்போது ஒற்றை எண்ணைத் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை. அந்த எண்ணைப் பார்த்தால் ஏரி எந்தப் பாறைவரை இறங்கியிருக்கும் என்று எனக்குக் கண்ணில் தெரியும்.

என் பெயரை யார் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஏதோ பிழை. நீக்கிவிடு.

நஹ்ஷோன்

*

திபேரியா
வியாழன், 19 அக்டோபர்

நஹ்ஷோனுக்கு,

நீக்கினேன். மறுநாள் காலை மறுபடி இருந்தது. இரண்டாம் முறை நீக்கினேன். இன்று காலையும் இருக்கிறது. நிரல் பழைய பிரதியை மீட்டெடுக்கிறது என்று நினைக்கிறேன். அப்படித்தான் நினைக்க விரும்புகிறேன்.

வலைப்பூவின் பதிவேட்டையும் பார்த்தேன். உன் பெயர் சேர்க்கப்பட்டது போன வாரம் செவ்வாய், பத்தாம் தேதி, காலை 11:40. சேர்த்தவர் பெயர் ஹெம்தா. அந்த நேரத்தில் நான் நடு ஏரியில், படகில், நாற்பது மீட்டர் ஆழத்துத் தண்ணீரைக் குப்பியில் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே தொலைபேசி எடுக்காது. என் கடவுச்சொல் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி படகில் இருந்தாள்.

ஆகவே நேராகக் கேட்கிறேன். இது என்ன விளையாட்டு? ஒருவேளை இவன் செத்திருப்பானோ என்று நான் இரண்டு நாள் நம்பிக்கையோடு தவிக்கவேண்டும் என்பதா? "நம்பிக்கையோடு" என்ற சொல்லை அடிக்கப்போனேன். அடிக்கவில்லை.

எத்தனை முறை மணவிலக்குச் சீட்டு கேட்டேன்? கடைசியாக நீ சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "எனக்குப் பிள்ளை இல்லை, கூடப்பிறந்தவர் இல்லை. சீட்டைக் கொடுத்துவிட்டால் நான் செத்தால் ஏழு நாள் தரையில் உட்கார உலகத்தில் ஓர் ஆள் இருக்காது." உன் துக்கத்துக்கு ஆள் வேண்டும் என்பதற்காக என்னைப் பதினைந்து வருடக் கல்யாணத்துக்கு மேல் ஒன்பது வருடம் கட்டிப்போட்டிருக்கிறாய். என்னைக் கட்டிக்கொள்ள யாரும் வாசலில் காத்திருக்கவில்லை, நஹ்ஷோன். நாற்பத்தொன்பது வயதில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் வீட்டுக் கதவை நானாகச் சாத்திக்கொள்ள வேண்டும்.

ஹெம்தா

*

புவெனஸ் ஐரிஸ்
ஞாயிறு, 29 அக்டோபர்

ஹெம்தா,

போன கடிதத்தில் பொய் சொன்னேன். பெயரைப் போட்டது நான்தான்.

ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. பண்டிகை வாரத்தில் மருத்துவர் என் இதயத்தின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பிள்ளைங்க எங்க இருக்காங்க?" என்று கேட்டார். அப்படிக் கேட்டால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். மறுநாள் விடிகாலையில் வலைப்பூவுக்குள் நுழைந்தேன். கடவுச்சொல்லை நீ மாற்றவேயில்லை. நோயாளிகள் பட்டியலில் என் பெயரைச் சேர்த்தேன். அம்மா பெயரோடு, வழக்கப்படி. ரஹமிம் சபாத் காலையில் பெயர்களை விடுவிடுவென்று வாசிப்பார், யாரும் கவனிக்கமாட்டார்கள், எல்லாரும் ஆமென் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன். உன்னிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

ஹெம்தா, அந்தப் படிவத்தை வரைந்தவன் நான். நோயாளிகள் படிவத்தில் தேதி போடவே இடம் கிடையாது. ஒரு பெயர், தாய் பெயர், முடிந்தது. நான் எந்தத் தேதியும் எழுதவில்லை. அம்மா மேல் ஆணை. அந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது?

நீ காரணம் கண்டுபிடிப்பாய் என்று ஒரு வாரம் காத்திருந்தேன். நீ எப்போதும் கண்டுபிடிப்பாய். உன் மௌனத்தைப் பார்த்ததும் பயந்துபோனேன்.

வியாழக்கிழமை மணவிலக்குச் சீட்டுக்காக இங்குள்ள ரபீக்களிடம் போனேன். எழுத்தர் இறகுப் பேனாவால் பன்னிரண்டு வரி எழுதினார். என் பெயர், உன் பெயர், இரண்டு ஊருக்கும் அடையாளமாக அவற்றின் நதியும் நீரும். உன் ஊருக்குப் பக்கத்தில் என்ன நீர் இருக்கிறது என்று கேட்டார்கள். சிரிப்பு வந்துவிட்டது. "இப்ப குறைஞ்சுபோயிருக்கு, ஆனா இருக்கு" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. சீட்டை ஃபைவெல் என்ற கண்ணாடிக் கடைக்காரர் கொண்டுவருகிறார். பேத்தி கல்யாணத்துக்கு ஹைஃபா வருகிறார். நல்ல மனிதர், அதிகம் பேசுவார்.

நான் செத்தால் நீ தரையில் உட்கார வேண்டாம். நீர்மட்டத்தை மட்டும் விடாமல் போடு.

நஹ்ஷோன்

*

திபேரியா
வியாழன், 2 நவம்பர்

நஹ்ஷோன்,

நன்றி. இந்தச் சொல்லை உனக்கு எழுதிப் பழக்கம் விட்டுப்போயிற்று.

நோயாளிகள் பட்டியலில் உன் பெயரை நானே சேர்த்திருக்கிறேன். போன சபாத்தில் இல்லாததால், வரும் சபாத்தில் மெதுவாக வாசிக்கச் சொல்லி ரஹமிமிடம் கேட்டிருக்கிறேன். "யாரும்மா இந்த நஹ்ஷோன், நம்ம ஓடிப்போன நஹ்ஷோனா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ரெண்டு தடவ வாசிக்கிறேன்" என்றார்.

தேதிக்குக் காரணம் கிடைக்கவில்லை. படிவம் இரண்டையும் வரி வரியாகப் படித்துவிட்டேன். ஒரு பட்டியலிலிருந்து மற்றதற்குப் போகும் வழி உன் நிரலில் எங்குமே இல்லை. எனக்குத் தெரியவில்லை என்பதால் காரணம் இல்லை என்று ஆகிவிடாது.

ஃபைவெல் தொலைபேசியில் பேசினார், முக்கால் மணி நேரம். ரபீக்கள் மன்றத்தில் எங்களுக்கு நாள் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை காலை பத்து மணி. குமாஸ்தா அவராகத்தான் சொன்னார், நான் எதுவும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் நாட்காட்டியைப் பார்த்தேன். அது ஹெஷ்வான் பதினேழு.

மாற்றச் சொல்லலாமா என்று யோசித்தேன். மாற்றச் சொன்னால் நான் இதை நம்புகிறேன் என்று ஆகும். மாற்றவில்லை.

மருந்தை வேளைக்கு எடுத்துக்கொள். ஒரு வரி எழுது.

ஹெம்தா

*

திபேரியா
திங்கள், 6 நவம்பர், மாலை

நஹ்ஷோன்,

நீ பதில் எழுதவில்லை. ஃபைவெல்லிடம் கேட்டேன். "புறப்படும்போது ஏர்போர்ட்டுக்கே வந்து வழியனுப்பினாரும்மா, பெட்டிய நானே தூக்குறேன்னு ஒரே சண்டை" என்றார். அவர் உன்னை வர்ணித்த விதத்தில் நீ கொஞ்சம் மெலிந்திருக்கிறாய் என்று புரிந்தது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், உனக்கு அந்த உரிமை உண்டு. மூன்று ரபீக்கள். மோதிரத்தைக் கழற்றச் சொன்னார்கள். அது என்றோ கழன்றுவிட்டது என்றேன். நடுவில் இருந்தவர் ஃபைவெல்லைக் கேட்டார்: "நீர் புறப்பட்டபோது கணவர் உயிரோடு இருந்தாரா?"

"இருந்தாரு. பெட்டியக்கூட..."

"பெட்டி வேண்டாம். இருந்தாரா?"

"இருந்தாரு."

"அப்படியானால் இப்போதும் இருக்கிறார் என்றே கொள்கிறோம்."

இதுதான் அவர்கள் சட்டம். தூதன் உயிரோடு விட்டுவந்த மனிதன், சேதி வரும்வரை உயிரோடுதான் இருக்கிறான். என் ஆய்வுக்கூடத்தில் இப்படி ஒரு முடிவை எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இரண்டு கையையும் குழித்து நீட்டச் சொன்னார்கள். ஃபைவெல் சீட்டை மேலிருந்து விட்டார். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. கையை மூடி, உயர்த்தி, சீட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கதவுவரை நடந்து திரும்பினேன். திரும்பும்போது ஈர மண் வாசனை வந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. வெளியே மழை இல்லை. எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன், ஆனால் எழுத்தர் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். உன் மேல் கோபம் இல்லை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நாளை காலை அனுப்புகிறேன். ஒரு வரி எழுது, நஹ்ஷோன்.

செவ்வாய், 7 நவம்பர்

அனுப்பவில்லை. இன்று நடந்ததை மட்டும் கீழே எழுதுகிறேன்.

ஏழு மணிக்கு அளவுகோலைப் பார்த்தேன். ஏரி அரை சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. மழை இல்லை.

மதியம் ஒன்றரைக்கு உன் ஊரில் இறந்தவர்களை அடக்கம் செய்யும் சங்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார். நேற்றுக் காலை வீட்டுக்காரம்மா உன்னை நாற்காலியில் கண்டிருக்கிறாள். கணினி திறந்திருந்ததாம். மருத்துவர் கணக்குப்படி உயிர் போனது ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில். உங்கள் ஐந்து எங்கள் பத்து. உங்கள் ஆறு எங்கள் பதினொன்று.

ரபீயை அழைத்துச் சொன்னேன். "நேத்து உயிரோட இருக்காருன்னு கொண்டோம், அது நிக்குது. நீங்க விலகினவங்க. உட்காரணும்னு கட்டாயம் இல்லை. எப்படிப் பார்த்தாலும் உங்களுக்கு விடுதலைதான் அம்மா" என்றார்.

நோயாளிகள் பட்டியலிலிருந்து உன் பெயரை எடுக்க வலைப்பூவைத் திறந்தேன். அங்கே உன் பெயர் இல்லை. நினைவுநாள் பட்டியலிலும் இல்லை. முகப்பில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு துக்க அறிவிப்பு இருந்தது. "நஹ்ஷோன், யெஹீயேலின் மகன். மனைவி ஹெம்தா ஏழு நாள் வீட்டில் அமர்ந்திருப்பாள். கதவு திறந்திருக்கும்."

தகப்பன் பெயர் இருந்தது. இந்த முறை பிழை இல்லை.

பதிவேட்டைத் திறந்தால் யார் எழுதியது, எத்தனை மணிக்கு என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். பத்து இருபதுக்கு முன்பா பின்பா என்றும் தெரியலாம். திறக்கவில்லை.

மூன்று மணிக்கு மஸால் வந்தாள். கையில் துக்க வீட்டுச் சாப்பாடு, அவித்த முட்டையும் பருப்பும்.

"வலைப்பூவுல பாத்தேன்டி. நீதானே போட்ட?"

"ஆமா."

அவள் சோபாவின் மெத்தையை எடுத்துத் தரையில் போட்டாள். நான் உட்கார்ந்தேன். "கதவைச் சாத்தட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.