ஐம்பதாம் நம்பர் ஜெட்

டோன்கோ,

இன்று என் படகு எஞ்சினின் கார்புரேட்டரைக் கழற்றினேன். போட்டிக்கு முந்தின நாள், "என் கை பட்டா எஞ்சின் பாடும்டா" என்று நீ சுத்தம் செய்து கொடுத்தது. குறை சொல்ல இடமில்லை, கேஸ்கெட்கூடப் புதிது. பெட்ரோலை அளந்துவிடும் பித்தளை ஜெட் மட்டும் என்னுடையதல்ல. என்னுடையதில் எழுபது என்று பொறித்திருக்கும். இதில் ஐம்பது, துளை சிறியது; வேகம் கூட்டினால் பெட்ரோல் போதாது.

விரிகுடாவுக்கு முதலில் போய்ச் சேர்பவனுக்குத்தான் அந்த வருஷத்து மத்தி மீன். பாதி வழியில் வேகம் கூட்டினேன், எஞ்சின் திணறி நின்றுவிட்டது. நீ வலையை விரித்துவிட்டுத் திரும்பி வந்தாய்.

"விடுடா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று கயிறு வீசினாய். கரையேறியதும் உனக்கு ராக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்தேன், கண் கலங்கி.

உன் ஜெட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். என்னுடையதை நீயே வைத்துக்கொள். இனி நான் நடுக்கடலில் நின்றால், கயிறு மட்டும் வீசாதே.

இப்படிக்கு,
அந்தக் கயிற்றை நம்பிப் பிடித்தவன்