சுவரில் ஒட்டிய தப்பு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உன் பெண் வாலுவும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருக்க வேண்டும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னபடி சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனேன், ஆனால் டி.சி. வாங்காமல் வெறுங்கையோடு வந்துவிட்டேன். உடனே போனை எடுத்துக் கத்தாதே, கடைசி வரை படி. மூன்று வாரமாக வாலுவுடைய கணக்குத் தப்புகளைச் சுவரில் ஒட்டி, 'இந்த வாரத்தின் நல்ல தப்பு' என்று மேலே எழுதியும் வைத்திருப்பதைப் போட்டோவில் பார்த்துவிட்டு, பிள்ளையோட மானத்தை வாங்குற பள்ளிக்கூடம் நமக்கு வேண்டாம்ப்பா, வேற இடத்துல சேருங்கன்னு நீ அழுதாயே, அதே கோபத்தோடுதான் நானும் போனேன். போன இடத்தில் எனக்கே தலை சுற்றிவிட்டது.

அன்றைக்கு அங்கே நாலைந்து பள்ளிக்கூடத்து டீச்சர்கள் கூடியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தால் ஏறுகிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற கூட்டமாம். கூட்டம் முடியட்டும், உட்காருங்க என்று தலைமையாசிரியை சொன்னதால் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த கண்ணாடிக்கார மாஸ்டர், சார் எந்த ஸ்கூல் என்று கேட்டார். நான் நம் கடை வியாபாரத்தைச் சொல்லி, அட்டைப்பெட்டிங்க என்றேன். அது ஏதோ புது பாடமுறை என்று நினைத்துக்கொண்டார் போல, ஓகோ கேள்விப்பட்டிருக்கேன் என்று தலையாட்டினார். ஒரு டீச்சர் பாடத்தைக் குறைத்து விளையாட்டைக் கூட்டச் சொன்னார், இன்னொருவர் விளையாட்டையே பாடமாக்கச் சொன்னார், இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி கைதட்டினார்கள். எதை வாங்கினார்கள், எதைத் தள்ளினார்கள் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. பிறகு நம் வாலுவின் கணக்கு டீச்சர் எழுந்தார். ரொம்பச் சின்னப் பெண், உன் வயசுகூட இருக்காது. தப்பு போட்டால் பிள்ளை பயப்படக் கூடாது, எப்படித் தப்பு செய்தோம் என்று அதுவே எடுத்துச் சொல்ல வேண்டும், அதற்காகத்தான் இந்தச் சுவர் என்று சொல்லிவிட்டுத் திரையில் ஒரு காகிதத்தைக் காட்டினார். வாலுவின் கையெழுத்து. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று போட்டிருந்தாள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டினேன் என்று விளக்கம் வேறு. எல்லோரும் ஆகா என்றார்கள். எனக்கு டீ புரை ஏறிவிட்டது. ஏன் தெரியுமா, அந்தத் தப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே நான்தான்.

போன மாதம் கடையில் லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தபோது இவள் மூன்று துண்டுச் சீட்டோடு வந்து, தாத்தா இதுல எது நெஜமான தப்பு மாதிரி இருக்கு என்று கேட்டாள். ஏதோ விளையாட்டு என்று நடுச்சீட்டைத் தொட்டேன். உண்மையைச் சொன்னால் எனக்கு அது சரியான விடையாகவே பட்டது. இப்போது திரையில் பெரிதாகப் பார்க்கும்போதுதான் உறைத்தது. அரை ரோல் டேப்போடு இன்னொரு துண்டைச் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா? தினம் கடையில் உட்கார்ந்து டேப்பை அளந்து வெட்டுகிற பிள்ளைக்கா அது தெரியாது?

நான் வாயை மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். ஆனால் கண்ணாடிக்கார மாஸ்டர், திங்கட்கிழமையே எங்க ஸ்கூல்லயும் சுவர் வைக்கிறோம் என்றார். சரக்கைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்றிக்கொண்டு போகிறவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து, டீச்சரம்மா, அது தப்பு இல்லீங்க, எங்க வாலு தயார் பண்ணின சரக்குங்க என்று சொல்லிவிட்டேன். ஒரே சிரிப்பு. அப்போ நம்மள ஏமாத்திட்டாளா என்றார் ஒருவர். இப்படி ஏமாத்தணும்னா கணக்கு நல்லாத் தெரியணுமே சார் என்றார் இன்னொருவர். அப்படியானால் சுவர் ஜெயித்ததா தோற்றதா என்று முக்கால் மணி நேரம் வாதாடினார்கள். தலைமையாசிரியை இரண்டு பக்கத்துக்கும் சரி என்று எழுதிக்கொண்டார். அந்தச் சின்ன டீச்சரின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கூட்டம் முடிந்ததும் டீச்சர் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். ஏன் சார் அப்படிப் பண்றா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். இரண்டு பேருமாக வீட்டுக்கு வந்து வாலுவையே கேட்டோம். உன் பெண் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. சரியாப் போட்டா ஒரு டிக் போட்டுட்டு டீச்சர் அடுத்த பெஞ்சுக்குப் போயிடறாங்க, தப்பாப் போட்டா பக்கத்துல உட்கார்ந்து எப்படிம்மான்னு கேக்கறாங்க என்றாள். அதோடு விட்டாளா, எல்லாம் சரின்னா அம்மா சமத்துன்னு சொல்லிட்டு போனைத் தாத்தாகிட்ட குடுன்னுடறாங்க, சுவத்துல ஒட்டினாத்தான் ரொம்ப நேரம் பேசறாங்க என்றாள். உன் அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள்.

இதை உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை. அங்கே இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறவளுக்கு நேரம் எங்கே என்று எனக்குத் தெரியாதா? உன்னை வளர்த்தபோது நானும் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டதோடு சரி. ஆனால் இந்தப் பிள்ளை கெட்டிக்காரியா திருடியா, டீச்சரின் யோசனை நல்லதா கெட்டதா, நான் சபையில் சொன்னது சரியா என்று நாலு நாளாக யோசித்தும் தெளியவில்லை. வாங்குகிறவர் கேட்கிற சரக்கைத்தான் அவள் விற்றிருக்கிறாள், அது மட்டும் புரிகிறது. முப்பது வருஷமாக நானும் அதைத்தான் செய்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும், அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிந்து நல்லபடி வந்து சேர வேண்டும். மாப்பிள்ளையை இடுப்பு வலியோடு பாரம் தூக்க வேண்டாம் என்று சொல். மறந்துவிடாதே, அன்றைக்கே டீச்சரையும் வாலுவையும் வைத்துக்கொண்டு நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசி முடித்தாயிற்று. வாலு மாதம் ஒரு தப்பு தயாரித்துக்கொள்ளலாம், ஆனால் காகிதத்தின் பின்பக்கம் சரியான விடை இருக்க வேண்டும். சரியாகப் போட்டாலும் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி என்று கேட்பார். பரீட்சை முடியும் வரை டி.சி. பேச்சு கிடையாது. நீ அவளோடு போனில் பேச வேண்டிய நேரத்துக்கு, உன் பங்குக்கு நானே சம்மதம் சொல்லிவிட்டேன். முக்கால் மணி நேரத்துக்குக் குறையமாட்டேன் என்று வாலு நின்றாள், நான் பத்தில் ஆரம்பித்தேன். கடைசியில் இருபத்தைந்து நிமிஷத்துக்குப் படிந்தது. தினமும், கணக்கு சரியோ தப்போ.

இப்படிக்கு,
உன் அப்பா