ராய்ஸ் கேட்ட கேள்விகள்

போர்ட் பிரீ
14 அக்டோபர் 2008

அன்புள்ள தெல்மா,

பதினான்கு வருடம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று தெரியும். பணம் கேட்டு எழுதவில்லை. நம் மகள் ஜனீன் அடிலெய்டில் சௌக்கியம். உன் முகவரியைக் கொடுத்தவள் அவள்தான். "அம்மா கிழிச்சுப் போட்டா என்கிட்ட வராதீங்கப்பா" என்றாள்.

முப்பத்தொரு வருடம் ஈயம் உருக்கியது போதும் என்று பிப்ரவரியில் ஆலையை விட்டு வருகிறேன். என் ஓய்வுக்கால நிதியிலிருந்து ஒரு தாள் வந்திருக்கிறது. ஜூனில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் டாலர். இப்போது ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம். யார் எடுத்தார்கள்? போன் செய்தேன். "யூனிட் விலை இறங்கியிருக்கு சார், கவலைப்படாதீங்க" என்றாள் ஒரு சின்னப் பெண். புரிந்தவன் மாதிரி "ஓஹோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மர ஆலை அலுவலகத்தில் இருபது வருடம் இருந்தவள் நீ. உனக்கு இதெல்லாம் தெரியும். பங்கு என்றால் என்ன? கடன் பத்திரம் என்றால் என்ன? எனக்குத் தெரிந்ததெல்லாம் குதிரையும் நாய் ஓட்டமும்தான். அதில் நம் வீடே போனது. பந்தயத்தை விட்டு ஒன்பது வருடம் ஆகிறது. நீ நம்ப வேண்டாம், சொல்லி வைக்கிறேன்.

ராய்ஸ்

மவுண்ட் கேம்பியர்
27 அக்டோபர் 2008

ராய்ஸுக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். "யார் எடுத்தார்கள்?" என்ற வரியில் சிரிப்பு வந்துவிட்டது. பிழைத்தாய்.

யாரும் எடுக்கவில்லை. உன் நிதி உனக்காகப் பல கம்பெனிகளில் பங்கு வாங்கி வைத்திருக்கிறது. பங்கு என்றால் அந்தக் கம்பெனியில் ஒரு சின்னத் துண்டு உன்னுடையது என்று அர்த்தம். லாபம் வந்தால் உனக்கும் கொஞ்சம் தருவார்கள், அதுதான் டிவிடெண்ட். கடன் பத்திரம் வேறு. அதில் நீ சொந்தக்காரன் இல்லை, கடன் கொடுத்தவன். பேசிய வட்டி வரும், தவணை முடிந்ததும் முதல் வரும். ஏற்றமும் குறைவு, இறக்கமும் குறைவு.

இப்போது உலகம் முழுக்கப் பயந்துபோய்ப் பங்குகளை விற்கிறார்கள். அதனால் உன் துண்டுகளுக்கு இன்று விலை குறைவு. ஆனால் துண்டுகளின் எண்ணிக்கை குறையவில்லை. உனக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். ரேஸ் முடிந்ததும் தோற்ற சீட்டு குப்பை. பங்கு அப்படியில்லை. விலை சரிந்த மறுநாளும் கடைக்காரன் கதவைத் திறக்கிறான், லாரி ஓடுகிறது, ஜனங்கள் பால் வாங்குகிறார்கள். இன்று விற்றால்தான் அந்த முப்பத்தைந்தாயிரம் நிஜமாகவே நஷ்டம்.

அந்தத் தாளில் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். எவ்வளவு என்று பார்த்து எழுது. எல்லோரும் தாண்டிப் போகிற வரி அது.

தெல்மா

போர்ட் பிரீ
10 நவம்பர் 2008

அன்புள்ள தெல்மா,

நன்றி. நூறு டாலருக்கு வருடம் ஒரு டாலர் முப்பது காசு எடுக்கிறார்கள். இது அதிகமா?

உன் கடிதத்தை ஆலைச் சாப்பாட்டு அறையில் படித்துக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே, அங்கே எல்லோர் கையிலும் அதே தாள், எல்லோர் முகத்திலும் அதே முழி. "உன் வீட்டம்மா அந்த போன் பொண்ணைவிட நல்லா சொல்றாங்கப்பா" என்றான் விட்டோ. என்னோடு உலையில் நிற்கிறவன். இப்போது உன் வீட்டம்மா இல்லை என்றேன். "அதான் புத்திசாலியா இருக்காங்க" என்றான்.

அதே விட்டோ இன்னொன்றும் சொன்னான். மேற்கே ஒரு நிக்கல் சுரங்கம். பங்கு ஒன்று நாலு காசுக்குக் கிடக்கிறதாம். "ஆறு மாசத்துல எட்டு காசு, ராய்ஸ். என் மச்சான் அங்கதான் வேலை பார்க்கிறான்." எனக்கு வயது அறுபது ஆகிவிட்டதால், வேலையை விட்டதும் முழுப் பணத்தையும் எடுக்கலாம். அதை இதில் போட்டால் போனதெல்லாம் திரும்பிவிடும். விண்ணப்பப் படிவம் நிரப்பி வைத்திருக்கிறேன். நீ என்ன சொல்கிறாய்?

ராய்ஸ்

மவுண்ட் கேம்பியர்
14 நவம்பர் 2008

ராய்ஸ்,

கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். "போனதெல்லாம் திரும்பிவிடும்" என்று எழுதியிருக்கிறாய். வீடு போவதற்கு முந்தின சனிக்கிழமை, கோட்டை மாட்டிக்கொண்டே இதையேதான் சொன்னாய். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரே கம்பெனியில் எல்லாவற்றையும் போடுவது முதலீடு இல்லை, அது உன் பழைய சனிக்கிழமை. சுரங்கம் மூடினால் உன்னிடம் வேறு எதுவும் மிஞ்சாது. நூறு கம்பெனியில் பிரித்துப் போட்டிருந்தால் நாலு மூடினாலும் நீ சாப்பிடலாம். ரிஸ்க் என்பது விலை ஏறி இறங்குவது மட்டுமில்லை, ராய்ஸ். பணம் தேவைப்படும் நாளில் அது இல்லாமல் போவதுதான் பெரிய ரிஸ்க்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு வருடச் செலவுக்கு வேண்டியதை மட்டும் ரொக்கமாக மாற்று. மீதியைத் தொடாதே, எழுந்து நிற்க அவகாசம் கொடு. கட்டணம் அதிகம்தான். அதே நிதியில் எல்லாப் பெரிய கம்பெனிகளையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி வைத்துச் சும்மா இருக்கிற மலிவான தேர்வு ஒன்று இருக்கும், கேள். முதலில் அலுப்பாக இருக்கும். இருக்கட்டும்.

பணம் உன்னுடையது. இந்த முறை நான் வாசலில் நிற்க மாட்டேன்.

தெல்மா

போர்ட் பிரீ
19 பிப்ரவரி 2009

அன்புள்ள தெல்மா,

மூன்று மாதம் பதில் எழுதாததற்கு மன்னித்துக்கொள். செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன். உன் கடிதம் வந்த அன்று படிவத்தோடு தபால் பெட்டி வரை போனேன். கை அரித்தது. அந்த அரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், ஒன்பது வருடமாக அதோடுதான் குடித்தனம். படகுத்துறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்கு வந்து படிவத்தை அடுப்பில் போட்டேன்.

நீ சொன்னபடியே செய்தேன். போனில் அந்தப் பெண்ணிடம் இந்த முறை "ஓஹோ" சொல்லவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் அர்த்தம் கேட்டேன். நாற்பது நிமிடம். "நீங்க நிறைய படிச்சிருக்கீங்க போல சார்" என்றாள். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மவுண்ட் கேம்பியரில் இருக்கிறார் என்றேன்.

சுரங்கத்தைப் போன மாதம் மூடிவிட்டார்கள். விட்டோவுக்கு நாலாயிரம் போயிற்று. முழுவதையும் போடத்தான் இருந்தான், உன் இரண்டாவது கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டான். அவன் மனைவி உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

நான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. என் நிதியில் இன்னும் ஒரு லட்சத்து அறுபதாயிரம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது, ஆனால் நான் தூங்குகிறேன். வீட்டை அழித்தவனுக்கு நீ உட்கார்ந்து எழுதினாய். அதற்கு நான் தகுதியில்லாதவன். நன்றி, தெல்மா. இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை.

ராய்ஸ்

மவுண்ட் கேம்பியர்
2 மார்ச் 2009

அன்புள்ள ராய்ஸ்,

எழுத வேண்டும் என்று எனக்குத்தான் தோன்றியது.

இருபத்திரண்டு வருடம் உன்னோடு வாழ்ந்தேன். ஒரு நாளாவது நீ என்னிடம் "இது என்ன, சொல்லு" என்று கேட்டதில்லை. ஆலையில் ஆள் ஆளுக்கு என்னைக் கேட்பார்கள், வீட்டில் கேட்க ஆளில்லை. அதனால் போன அக்டோபரிலிருந்து உன் கடிதம் வந்தால் தேநீர் ஆறுவதுகூடத் தெரியாமல் உட்கார்ந்து பதில் யோசித்தேன். எனக்கும் நன்றி சொல்ல இருக்கிறது. நீ கேட்டாய், அதற்கு.

திரும்பச் சேர்ந்து வாழும் வயதும் ஆசையும் எனக்கு இல்லை. அதை நீ தப்பாக எடுக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். ஆனால் ஜனீனைப் பார். நாம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது என்று பதினான்கு வருடமாக ஈஸ்டருக்கு இரண்டு முறை சமைக்கிறாள். உனக்குச் சனிக்கிழமை ஆட்டுத்தொடை, எனக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடை. ஒரு முறைகூட அலுத்துக்கொண்டதில்லை.

நேற்று அவளுக்குப் போன் செய்து, இந்த வருடம் ஒன்று போதும் என்று சொல்லிவிட்டேன். "எத்தனை மணிக்கும்மா?" என்றாள்.

ஞாயிறு பன்னிரண்டரை, ராய்ஸ்.

அன்புடன்,
தெல்மா