ஸ்பிரிங் கம்பெனிச் சுவர்

3 ஜூலை 2024, புதன்

பேங்க்கில் அரை நாள் லீவு போட்டது வீண் போகவில்லை. ஸ்டேஷன் ரோடு வரைபடத்தை மாநகராட்சி ஆபீசில் இன்று காட்டிவிட்டார்கள். மூடிக் கிடக்கும் ஸ்பிரிங் கம்பெனி நிலத்தில் அடுக்குமாடி பார்க்கிங், அதற்கு மேல் கடைகள், ஸ்டேஷனிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் அகலமான நடைபாதை, ஓரமாக மரங்கள். இது குரோம்பேட்டைதானா என்று கேட்கும்படி வரைந்திருந்தார்கள். படத்தில் நடந்து போகிற பெண்கள்கூட நம் ஊர்ப் பெண்களைப் போல இல்லை. ஒருத்தி கையிலும் பை கிடையாது.

உதவிப் பொறியாளர் ஷீலா, சின்னப் பெண்தான், எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "உங்க அசோசியேஷன் விடாம கேட்டதாலதான் மேடம் இந்த ஃபைல் நகர்ந்தது." காலனி நலச் சங்கச் செயலாளர் என்கிற தோரணையில் தலையை மட்டும் ஆட்டினேன். உள்ளுக்குள் பத்து வயது குறைந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொன்னேன். சாப்பிடும்போது மறுபடியும் சொன்னேன். கம்பெனி மூடும்வரை இவர் அங்கேதான் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். லாரிக்குப் போகிற ஸ்பிரிங் ஒன்றுகூட இவர் பார்க்காமல் கேட்டைத் தாண்டாது. இடிக்கப் போகிறார்களே என்று வருத்தப்படுவார் என்று நினைத்தேன். போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம ஊர் ஜனங்க இதையும் ரெண்டே மாசத்துல குப்பைமேடு ஆக்கிடுவாங்க, பாரேன்" என்றார்.

எப்போதும் இதே பாட்டு. சந்தோஷமாக ஒரு வார்த்தை வராதா இந்த மனுஷனுக்கு?

6 ஜூலை, சனி

குப்பை என்று அவர் சொன்னது அந்தச் சுவரை நினைத்துத்தான். ஸ்டேஷன் ரோடு முழுக்க நீளும் கம்பெனிச் சுவர். அதன் அடியில் கறுப்புக் கவர்களும் அழுகினதும், மாடுகளும். எதிர்ப் பக்கம் நடைபாதைக் கடைகள். "நடைபாதை வியாபாரிகளால் ஏற்படும் சுகாதாரக் கேடு" — எங்கள் மனு ஒவ்வொன்றிலும் இந்த வரி உண்டு. நான் எழுதிய வரி. நன்றாக எழுதியிருக்கிறேன் என்று பொருளாளர் ராஜகோபாலன் சாரே பாராட்டினார்.

புதுத் திட்டத்தில் அந்தக் கடைகளுக்கு வேறு எங்கோ இடம் தருவார்கள். பெரும்பாக்கம் பக்கம், குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகள் இருக்கிற இடத்தில் என்று பேச்சு.

7 ஜூலை, ஞாயிறு

சங்கக் கூட்டத்துக்கு அழையா விருந்தாளி. பேபி! நான் கீரை வாங்குகிற அதே பேபி. அவள் வியாபாரிகள் சங்கத் தலைவி என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பேசினாள்.

"எங்கள பெரும்பாக்கத்துக்கு அனுப்பறதா பேசிக்கினு கீறீங்களாமே? எங்க அக்கா அங்கதான் கீது. வூடு நல்ல வூடுதான், இல்லன்னு சொல்லல. ஆனா யாவாரத்துக்கு ரெண்டு பஸ்சு மாறி இங்கதான வருது? ரயிலவுட்டு எறங்குறவங்கதான் எங்களுக்கு சோறு. அங்க இன்னா ரயிலா வருது?"

ராஜகோபாலன் சார் பொறுமையாகத்தான் சொன்னார். "அம்மா, ஊர் முன்னேற வேண்டாமா? அந்தக் குப்பைய பாருங்க. நாத்தம் தாங்கல."

"குப்பையா?" பேபி சிரித்தாள். "சார், நாங்க மிச்ச தழைய மாட்டுக்காரனுக்கு குடுத்துட்டு போறோம். அந்த கவரெல்லாம் உங்க வூட்டு கவரு. காலைல வந்து நின்னு பாருங்கோ. பார்த்துட்டு அப்பால பேசுங்கோ."

ஒரே கூச்சல். அவளை உட்காரச் சொல்லவாவது எனக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

10 ஜூலை

பழியை நம்மேல் திருப்பிவிடுகிறாள், அவ்வளவுதான். ஆனாலும் அவள் சிரித்த சிரிப்பு — பொய் சொல்கிறவள் அப்படிச் சிரிப்பாளா?

11 ஜூலை, வியாழன்

போய் நின்றேன். பால் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, சுவருக்கு எதிரே டீக்கடை ஓரமாக.

முதலில் ஒரு ஸ்கூட்டர். வேகத்தைக் குறைக்கவே இல்லை. காலடியில் வைத்திருந்த கவரை ஒரு வீச்சு. அப்புறம் ஒரு பைக். அப்புறம் ஐ.டி. கம்பெனி அடையாள அட்டை தொங்க ஒரு பையன், நடந்தபடியே. எல்லோரும் ரயிலுக்குப் போகிற அவசரத்தில். முகங்கள் தெரிந்த முகங்கள். எதிர் வீட்டுப் பெண். மூன்றாவது தெரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். சங்கத்தின் எல்லாக் கூட்டத்துக்கும் வருகிறவர். பிறகு ராஜகோபாலன் சார், வாக்கிங் ஷூவோடு, விபூதி பளிச்சென்று, கையில் இரண்டு கவர்.

பால் வாங்காமலே வந்துவிட்டேன். இவரிடம் கொட்டித் தீர்த்தேன். "நீங்க சொன்னது சரிதான், இந்த ஜனங்க திருந்தவே மாட்டாங்க" என்றேன். வழக்கமாக எடுத்துக்கொடுக்கிறவர் பேசாமல் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார். எனக்கு ஏதோ உறைத்தது.

"நீங்களுமா?"

"குப்பை வண்டி வராத அன்னிக்கு மட்டும்."

எங்க வீட்டுக் குப்பையும் அங்கதான் கிடக்கு! நான் மனு எழுதுறேன், சீல் வைக்கிறேன், மேடைல உட்கார்றேன். இவர் வாக்கிங் போறேன்னு போய் வீசிட்டு வர்றார்! இன்றைக்கு இவரோடு பேசவில்லை.

14 ஜூலை, ஞாயிறு

மூன்று நாள் மௌனம். காலையில் நானாகவே ஆரம்பித்தேன். கருத்துக் கேட்புக் கூட்டம் சனிக்கிழமை. என்ன பேசுவது? பார்க்கிங் வேண்டும், அதில் சந்தேகம் இல்லை. எங்கள் தெருவில் ஆம்புலன்ஸ் நுழைய முடியாமல் கார்கள் நிற்கின்றன. நடைபாதையும் வேண்டும். ஆனால் பேபியும் மற்றவர்களும் எங்கே போவார்கள்?

"கம்பெனியோட பெரிய ஷெட்டுக்குள்ள போகட்டுமே" என்றார் இவர். சாதாரணமாக, காபியை ஆற்றிக்கொண்டே. "மெஷினெல்லாம் எடுத்துட்டான். காலியாத்தான் இருக்கு. தூணெல்லாம் இன்னும் இரும்பு மாதிரி — இரும்புதான் அது. கூரை மட்டும் மாத்தணும். பார்க்கிங்கைப் பின்னாடி தள்ளிக்கலாம்."

மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த ஷெட்டை இடிப்பதைப் பற்றி ஒன்றுமே தோன்றாத மாதிரி இருந்தாரே, எத்தனை நாளாக இதை யோசித்துக்கொண்டிருந்தாரோ!

சாயங்காலம் இரண்டு பேருமாக பேபி கடைக்குப் போனோம். கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "சொவத்துக்கு உள்ள போயி குந்திக்கினா யாரு வருவாங்க அக்கா? ரயில்லருந்து எறங்குறவங்க கண்ணுல பட்டாதான் யாவாரம். சொவத்த இடிங்கோ. ரோட்டுலருந்து நேரா உள்ள வரணும். அப்பதான் நாங்க வருவோம்."

சுவரை இடித்தால் குப்பை போடவும் இடம் இருக்காது! எனக்கு அது ஏன் இத்தனை நாளாகத் தோன்றவில்லை? சொன்னேன். பேபி முதல் தடவையாக என்னைச் சரியாகப் பார்த்தாள். "மூளை கீது உனக்கு" என்றாள். பேங்க்கில் மேனேஜர் புரமோஷன் வந்த அன்றுகூட இவ்வளவு பூரித்துப் போகவில்லை.

20 ஜூலை, சனி

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

சமுதாயக் கூடம் நிரம்பி வழிந்தது. இடது பக்கம் நாற்காலிகளில் எங்கள் காலனி. வலது பக்கம் வியாபாரிகள், பெரும்பாலும் நின்றபடி. நடுவில் வழி, ஏதோ சம்பந்தி வீட்டார் மாதிரி. ஷீலா வரைபடத்தை விளக்கினாள். ராஜகோபாலன் சார் எழுந்து, திட்டத்தை அப்படியே வரவேற்பதாகவும், நடைபாதைக் கடைகள்தான் ஊரின் அவலம் என்றும் என் வரியையே வாசித்தார். இந்தப் பக்கம் கைதட்டல், அந்தப் பக்கம் கூச்சல். "உங்க காரு தூங்க எங்க பொழப்பு போவணுமா?" என்று ஒரு பூக்காரம்மா. "ஊர் இப்படியே நாறட்டும்னு சொல்றீங்களா?" என்று ஒரு பையன். இரண்டு பேர் கேட்டதிலும் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம்.

என் முறை வந்தது. எழுதி வைத்திருந்ததைப் பையிலேயே வைத்துவிட்டேன்.

"அந்த வரி நான் எழுதினது. தப்பு. சுவரடியில நின்னு பார்த்தேன். குப்பை போடறது கடைக்காரங்க இல்ல, நாமதான். யார் பேரையும் சொல்லப்போறதில்ல. என் வீட்டுப் பேரை மட்டும் சொல்றேன். எங்க வீட்டுக் கவரும் அங்க விழுது."

முன் வரிசையில் ராஜகோபாலன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அப்போது பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது. இவர். கூட்டத்தில் வாயே திறக்காத மனுஷன், எழுந்து நின்று, "அந்த வீட்டுக்காரர் நான்தான். கவரும் நான்தான்" என்றார்.

கூடமே சிரித்துவிட்டது. இரண்டு பக்கமும். அந்தச் சிரிப்பிலேயே இவர் ஷெட்டைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். எந்தப் பக்கம் வெளிச்சம் வரும், லாரி எப்படித் திரும்பும், தண்ணீர் எங்கே வடியும் என்று. அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர் அந்தக் கூடத்தில் இருந்தார்கள்! "ஆமா சார், சரியா சொன்னீங்கோ" என்று வலது பக்கத்திலிருந்தும் குரல் வந்தது. பேபி எழுந்து, "சொவத்த இடிச்சா நாங்க ரெடி. குப்பைக்கு நாங்க பொறுப்பு. எங்க குப்பைக்கு மட்டும். உங்களுத நீங்க பார்த்துக்கணும்" என்றாள். அதற்கும் கைதட்டல்.

ஷீலா குறித்துக்கொண்டாள். ஷெட்டின் உறுதியைச் சோதிக்காமல் எதுவும் சொல்ல முடியாது, பார்க்கிங் குறையும், மேலே கேட்க வேண்டும் என்றாள். நியாயம்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ரோட்டில். அது நாங்கள் செய்கிற வழக்கம் இல்லை.

21 ஜூலை

இருபத்தெட்டு பேர் போன் செய்தார்கள். பாராட்ட இரண்டு பேர்.

28 ஜூலை, ஞாயிறு

சங்கப் பொதுக்குழு. "உள் விஷயத்தை ஊர் முன்னால போட்டு உடைச்சு நம்ம மானத்த வாங்கிட்டாங்க" என்றார் ராஜகோபாலன் சார். ஓட்டெடுப்பில் நான் தோற்றேன். அவர் செயலாளர். சீல், லெட்டர் பேட், அலமாரிச் சாவி எல்லாம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பசிதான் வந்தது.

19 நவம்பர்

மழை. ராஜகோபாலன் சார் போன் செய்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவை. "மேடம், திருத்தின பிளான் வந்திருக்கு. ஷெட் பாஸாயிடுச்சு. உங்க வீட்டுக்காரர் சொன்னபடியே மார்க்கெட். சுவர் எடுக்கறாங்க. பார்க்கிங் பின்பக்கம், சின்னதா." பிறகு சொன்னார்: "சங்கத்து சார்பா ஒப்புதல் கொடுக்கலாம்னு இருக்கேன். நீங்க ஒருதடவை பார்த்துட்டா நல்லாருக்கும்."

பார்க்கிறேன் என்றேன்.

8 பிப்ரவரி 2025, சனி

சுவரை இடித்தார்கள். ஜேசிபி ஒரு தள்ளுத் தள்ளியதும் ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்தே ஷெட் தெரிந்தது. இறங்கிய ஜனங்கள் நின்று பார்த்தார்கள். இத்தனை பெரிய இடமா உள்ளே இருந்தது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டார்கள். இவர் தூசியிலேயே நின்றார். கூப்பிட்டும் வரவில்லை.

22 ஜூன், ஞாயிறு

மார்க்கெட்டுக்கு முதல் ஞாயிறு. எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எழுத ஆசை. மீன் பக்கம் தண்ணீர் தேங்கியது, ஒரு சண்டை. இரண்டு பேர் பழைய ஞாபகத்தில் கவரோடு வந்தார்கள். சுவர் இல்லாத இடத்தில், இத்தனை கண்களுக்கு நடுவில், கவரைக் கையிலேயே வைத்துக்கொண்டு அசடு வழிந்து திரும்பிப் போனார்கள். கோயம்புத்தூரிலிருந்து போன் செய்த என் தங்கையிடம், "எங்க குரோம்பேட்டை மார்க்கெட்டை வந்து பாரு" என்று அதட்டியிருக்கிறேன். அவள் சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

14 செப்டம்பர், ஞாயிறு

இரும்புலியூரில் ஒரு குடியிருப்போர் சங்கம் எங்களைப் பேசக் கூப்பிட்டிருந்தது. அங்கேயும் மூடிய ஒரு பட்டறை, அதே சண்டை. பேபியை அழைத்துப் போனேன். பேச எழுந்தவள் நான்தான். இரண்டு நிமிஷம் பேசிவிட்டு, இவங்க சொல்றதைக் கேளுங்க என்று மைக்கைக் கொடுத்துவிட்டுக் கடைசி வரிசைக்குப் போய்விட்டேன். பேபி பேசினாள் பாருங்கள்! தண்ணீர் எப்படி வடிய வேண்டும், கடைக்கு எத்தனை அடி விட வேண்டும், குடியிருப்போரிடம் எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும், எங்கே கூடாது. முதல் வரிசை ஆட்கள் எழுதிக்கொண்டார்கள்.

முடிந்ததும் யாரோ அவளிடம், "கூட வந்தாங்களே அந்தம்மா, அவங்க யாரு, ஆபீசரா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. நான் பின்னால் நிற்பது பேபிக்குத் தெரியாது.

"ஆபீசரும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்க ஊருக்காரங்க. பேஜார் புடிச்ச பொம்பள, நல்லா சண்ட போடும். ஆனா பொய் பேசாது."

தாம்பரம்வரை ஷேர் ஆட்டோ, அங்கிருந்து ரயில். வழி முழுக்க அவள் மீன் பக்கத்துக் கால்வாயைப் பற்றி என்னோடு மல்லுக்கு நின்றாள். நானும் விடவில்லை. அவள் என்னைப் பற்றிச் சொன்னதை வீட்டுக்கு வந்ததும் இவரிடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டே வந்தேன். சொல்லவில்லை. கொஞ்ச நாள் எனக்கு மட்டும் இருக்கட்டும்.