என்ஜினைப் பச்சை உடம்பு என்றாய்

மாப்ள,

நேற்று உன் டிப்பர் லாரியின் என்ஜினைப் பிரித்துப் பார்த்தோம். அன்றைக்கு உனக்கு அதைப் பூட்டிக்கொடுத்த மெக்கானிக் செல்வம்தான் பிரித்தான். ஹெட்டைத் தூக்கியதும் கருகிய ஆயில் வாடை குப்பென்று மேலே வந்தது. ஆயில் விற்றே ஆளானவன் நான், எனக்கு அந்த வாடை புதிதில்லை. ஆனாலும் நீ கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டறை வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் ரோட்டுப் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தேன்.

உள்ளே பிஸ்டன் ஏறி இறங்குகிற லைனர் மின்னியது. செல்வம் டார்ச் அடித்துக் காட்டினான். "பாருங்கண்ணே, மூஞ்சி தெரியுது. பிஸ்டன் ரிங்கு உக்காரவே இல்ல."

பக்கத்தில் நின்ற தங்கச்சிக்கு, உன் வீட்டுக்காரிக்கு, அது நல்ல சேதியாகப் பட்டுவிட்டது. "பளபளன்னு புதுசாட்டம் இருக்கே அண்ணே. அப்ப ஓடும்ல?" என்று கேட்டது. செல்வம் என்னைப் பார்த்தான். நான் டார்ச்சை அணைக்கச் சொன்னேன்.

லைனர் அப்படி மின்னினால் ரிங் அதில் உரசிப் பதியவில்லை என்று அர்த்தம்; அதைத்தான் உனக்கு அன்றைக்கே சொன்னேன். நிலத்தை விற்று, புது ரிங், லைனர் போட்டு என்ஜின் வேலை பார்த்திருந்தாய். அந்த ஒரு வண்டிதான் இனி சோறு போட வேண்டும் என்ற நிலை. பெரம்பலூரில் என் கடைக்கு வந்து, கல்லாவுக்கு முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாய்.

"இருக்கறதுலயே ஒசந்த ஆயில எடு மாப்ள. சிந்தெடிக்கு."

"ஒசந்தது இப்ப வேணாம். சாதா ஆயில ஊத்து. கொஞ்ச நாளு ஓட்டி, அத எறக்கிட்டு, அப்பறமா நல்லத ஊத்திக்க."

நீ சிரித்தாய். "பழைய ஸ்டாக்கு எவ்ளோடா கெடக்கு?"

"நெசமாத்தான்டா சொல்றேன். புது ரிங்கும் புது லைனரும் ஒரசித்தான் ஒண்ணுக்கொண்ணு பழகும். ஆயிலு ரொம்ப வழுக்குனா பழகாது. லோடும் ஏத்தணும், பாதி லோடாச்சும்."

"பச்ச ஒடம்புடா அது. புள்ள பெத்தவள எவனாச்சும் கல்லு சொமக்க வுடுவானா? அவளுக்குப் போயி மட்டமானத குடுக்கச் சொல்ற. நீயெல்லாம் ஒரு ஆளு."

விலை குறைந்த சரக்கை வாங்கு என்று நான் ஒருவரிடம் வற்புறுத்தியது என் வியாபாரத்தில் அபூர்வம். நிற்கிற சரக்கை நைசாகத் தள்ளிவிடுவேன் என்பது ஊருக்கே தெரியும். உனக்கு ஊரைவிட நன்றாகத் தெரியும். அதனால் அன்றைக்கு நான் சொன்னது எடுபடவில்லை. நீ கேட்ட டின்னை எடுத்து வைத்தேன். மறுநாள் பட்டறையில் அந்த டின்னுக்குப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, நீயே ஊற்றினாய். ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

அதன் பிறகு அந்த வண்டிக்கு நீ பார்த்த பக்குவத்தை உன் பிள்ளைகளுக்குக்கூடப் பார்க்கவில்லை. காலையில் வாசலிலேயே ஸ்டார்ட் பண்ணி உறும விட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். "என்னங்க, ஒத்தடமா குடுக்குறீங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டதாக நீயே சொல்லிச் சிரித்தாய். தீட்டுக் கழிகிற மாதிரி நாள் எண்ணினாய். கல்லங்குறிச்சிப் பெருமாளைப் பார்க்கக் குடும்பத்தோடு வெறும் வண்டியில் போனீர்கள். வழியெல்லாம் மொபெட்காரன்கூட முந்திக்கொண்டு போனான் என்றாய். அதில் உனக்கு ஒரு பெருமை.

முதல் முழு லோடில் புகை வந்தது. நீலப் புகை. ரிங் உட்காராத என்ஜின் ஆயிலைக் குடிக்கும். உன் வண்டி குடித்தது. டீசல் போடுகிற மாதிரி என்னிடம் ஆயில் வாங்க வந்தாய். "ஒனக்கு நல்ல யாவாரம்டா மாப்ள" என்றாய் ஒருநாள். மறுபடி பிரித்து, லைனரைத் தேய்த்து, வேறு ரிங் போடலாம் என்று செல்வம் சொன்னான். விற்க இன்னொரு நிலம் உன்னிடம் இல்லை. புகை விடுகிற வண்டியை சிமெண்ட் ஆலை கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். வண்டியை வீட்டோரம் நிறுத்திவிட்டு அடுத்தவன் லாரிக்கு டிரைவராகப் போனாய்.

அரியலூர் ஆலைக்கு வெளியே, வரிசையில் நிற்கும்போதே ஸ்டீயரிங்கில் சாய்ந்துவிட்டாய். தூங்குகிறாய் என்று நினைத்துப் பின்னால் நின்றவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தானாம்.

நீ போன பிறகு தங்கச்சிக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. வண்டியைத் தேற்றி, டிரைவர் போட்டு, ஓட்டிவிட வேண்டும். அதற்காகத்தான் நேற்று பிரித்தோம். கீழேயும் கழற்றிப் பார்த்த செல்வம் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டான். "கிராங்கு ஷாப்டும் போச்சுண்ணே. ஆயிலு வத்துனது தெரியாம ஓட்டியிருக்காரு. இதுக்கு மேல செலவு பண்ணுனாலும் இவ்ளோ பழைய வண்டிய இப்ப எவனும் லோடுக்கு எடுக்க மாட்டான்."

தங்கச்சி அழவில்லை. என்னிடம், "அவரு எதாச்சும் தப்புப் பண்ணிட்டாராண்ணே? நல்ல ஆயிலுதான ஊத்துனாரு?" என்று கேட்டது.

"நல்ல ஆயிலுதாம்மா" என்றேன். அது பொய் இல்லை.

இன்றைக்கும் என்ஜின் வேலை பார்த்த வண்டிக்கு ஆயில் கேட்டு யாராவது வந்தால் சாதா ஆயிலைத்தான் முதலில் சொல்கிறேன். சொன்னதும், நீ பார்த்த மாதிரியே என்னைப் பார்க்கிறார்கள். உனக்கு நடந்ததைச் சொல்ல வாய் வரைக்கும் வரும். சொன்னால் அதையும் வியாபாரப் பேச்சு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கேட்டதை எடுத்து வைக்கிறேன். அவர்கள் போன பிறகும் அந்தப் பார்வை கடைக்குள்ளேயே நிற்கிறது. அதோடுதான் நான் ஷட்டரை இறக்குகிறேன்.

நேற்று சாயங்காலமே வண்டியை எடைக்குக் கேட்டுப் பழைய இரும்பு எடுக்கிறவன் வந்தான். தங்கச்சி என்னையே பேசச் சொன்னது. எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான், விட்டுக்கொடுக்காமல் பேசினேன். கிலோவுக்கு முப்பத்திரண்டு ரூபாய். டயர் தனி விலை. வெட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும் அவனுடையது. எடை, நாம் சொல்கிற எடைமேடையில்.