சக்களத்தி ஒழுகுகிறாள்

மார்ச் 3, திங்கள்

காலையில் ஷெட்டைத் திறந்தால், சக்களத்தியின் பின்பக்கம் தரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. காருக்குத்தான் சக்களத்தி என்று பெயர். இரண்டு பேர் மட்டும் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கல்யாணமான புதிதில் நான் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதன் அடியில் படுத்துக் கிடக்கிற மனுஷரை வேறு எப்படித் திட்டுவது? அவர் போய் ஏழு மாதம். இவள் நின்ற இடத்தில் நின்றுகொண்டே ஒழுகுகிறாள். துக்கமாம்! எனக்குக்கூட இவ்வளவு வரவில்லை.

மார்ச் 4

கொழுந்தனிடம் போனில் சொன்னேன். "கியர்பாக்ஸ் ஆயிலா இருந்தா மறந்துடுங்க அண்ணி. அதுக்குச் சாமான் இப்ப எங்கயும் கிடைக்காது. பழைய வண்டி உடைக்கிறவன்கிட்ட குடுத்துடலாம். மாசக் கடைசியில வரச் சொல்லவா?" வரச் சொல்லுப்பா என்றேன். ஒரு வழியாகத் தலைமுழுகியாச்சு. நல்லதுதான்.

மார்ச் 5

நல்லதுதானா?

மார்ச் 8, சனி

மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் காலத்திலிருந்தே வருகிறவர். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றவைக்கிற ஆக்சில் தண்டு கியர்பாக்ஸிலிருந்து வெளியே வருகிற இடத்தில் ஒரே கசகசப்பு.

"ரெண்டுல ஒண்ணு, அக்கா. ஆயில் வெளிய வராம தடுக்கிற கியர்பாக்ஸ் சீல் போயிருக்கணும். இல்ல, அதை ஒட்டி இருக்கிற ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட்ல இருந்து கிரீஸ் கசியணும். ரப்பர்னா அரை நாள் வேலை. சீல்னா உள்ளயும் தேஞ்சிருக்கும். அப்ப உடைக்கத்தான் குடுக்கணும்."

"கிரீஸ் கெட்டியாத்தானே இருக்கும்? இது தண்ணியா இருக்கே."

"பழசானா எண்ணெய் தனியா பிரிஞ்சு வரும்க்கா. ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும்." கதவைத் திறந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டார். "சார் உசரத்துக்கு இருக்கு, கொஞ்சம் முன்னாடி இழுத்துக்கறேன்."

"தொடாதீங்க!"

பாவம், சூடு பட்டவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார். ஏன் அப்படிக் கத்தினேன்? சட்டைகளைக் கொடுத்துவிட்டேன், செருப்பைக் கொடுத்துவிட்டேன். அவர் கால் நீளம் அந்த ஒரு இடத்தில்தான் மிச்சம் இருக்கிறது. இதைப் போய் மெக்கானிக்கிடம் எப்படிச் சொல்ல?

மார்ச் 9, ஞாயிறு

ஒருத்திக்குச் சமைத்தால் உப்பு பிடிபடவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 12

பகலெல்லாம் ஆஸ்பத்திரி லேப்பில் ஊரார் ரத்தத்தையும் மூத்திரத்தையும் சோதிக்கிறவள், வீட்டுக் கறைக்கு அடுத்தவர் வாயைப் பார்ப்பானேன்? வடிதாள் கொண்டுவந்தேன். தரையிலிருந்து ஒரு சொட்டு, அவர் வைத்திருந்த கியர் ஆயில் டப்பாவிலிருந்து ஒரு சொட்டு. டப்பா ஆயில் ஒரே சீராகப் பரவியது. அழுகின முட்டை நாற்றம். தரைச் சொட்டு நடுவில் கரும்பொடியை விட்டுவிட்டு ஓரத்தில் மட்டும் மஞ்சளாகப் படர்ந்தது. அது கிரீஸ் மாதிரி. ஆனால் லேசாக அதே முட்டை நாற்றமும் இருக்கிறதே!

முடிவு சொல்ல இயலாது, மறு மாதிரி தேவை. எத்தனை பேருக்கு இதை எழுதிக் கொடுத்திருப்பேன். வீட்டுக்குப் போய் என்ன பாடு பட்டிருப்பார்களோ.

மார்ச் 15

மெக்கானிக் மறுபடி வந்து அடிப்பக்கம் முழுக்க மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். "இப்ப பவுடர் தூவிட்டு அரை மணி ஓட்டணும்க்கா. எங்க முதல்ல நனையுதோ அதான் இடம். சார் எப்பவும் அப்படித்தான் பாப்பாரு."

"என்ன பவுடர்?"

"முகத்துக்குப் போடறதுதான். வீட்ல இருந்து எடுத்துட்டு வருவாரே."

அடப்பாவி மனுஷா! டப்பா சீக்கிரம் தீர்ந்துபோகிறது, எடை குறைக்கிறான் என்று கடைக்காரனோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன். பக்கத்தில் நின்று "ஆமா, ஏமாத்தறான்" என்று ஒத்து ஊதினாரே! விழுந்து விழுந்து சிரித்தேன், மெக்கானிக்கும் சிரித்தார். என் டப்பாவையே கொடுத்துத் தூவச் சொன்னேன். "சீட்டைத் தொட மாட்டேன்க்கா, நீங்களே ஓட்டிப் பாருங்க" என்று கிளம்பிவிட்டார். அப்புறம் ஷெட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். சண்டை பிடிக்கலாமென்றால் ஆள் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

சீட்டை நகர்த்தாமல் முதுகுக்குப் பின்னால் தலையணை இரண்டு வைத்து உட்கார்ந்தேன். கிளட்ச் பாதிதான் போகிறது. மூன்றாவது தலையணையை வைத்தால் சீட் நுனியில் தொங்குகிறேன். யாராவது பார்த்தால் பைத்தியம் என்பார்கள். இறங்கிவிட்டேன்.

மார்ச் 22

கொழுந்தன் போன். உடைக்கிறவன் அடுத்த சனிக்கிழமை வருகிறானாம். ம் என்றேன்.

மார்ச் 23, ஞாயிறு

சீட்டுக்கு அடியில் இருக்கிற லிவரை இழுத்தேன். சீட் சறுக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டது. அவ்வளவுதான், அவ்வளவு சுலபம். பின்னால் குனிந்து பார்த்தேன் — தூசி. ஒரு காகிதத் துண்டுகூட இல்லை. என்ன எதிர்பார்த்தேன், தெரியவில்லை.

அரை மணி நேரம் ஓட்டினேன். பக்கத்து சீட்தான் என் சீட். இத்தனை வருஷமும் அங்கே இருந்துதான் "மெதுவா, மெதுவா" என்று கத்துவேன். இன்று யாரும் சொல்லவில்லை. வேகமாகவே போனேன்.

வந்ததும் பாயை விரித்து அடியில் படுத்தேன். கியர்பாக்ஸ் சீலைச் சுற்றிப் பவுடர் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. ஜாயின்ட்டின் ரப்பரைப் பிடித்திருக்கிற கிளிப்புக்கு அடியிலிருந்து ஒரு கருப்புக் கோடு. "ரப்பர்தான்!" என்று கத்திவிட்டேன். ஷெட்டில் யார் இருக்கிறார்கள் கேட்க?

மெக்கானிக்கிடம் போனில் சொன்னேன். முட்டை நாற்றம்? "சார் கடைசியா ஆயில் ஊத்தினப்ப சிந்தினதா இருக்கும்க்கா. அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருந்துச்சு."

எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவே இல்லை.

மார்ச் 24

கொழுந்தனிடம் ஆளை வரவேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். "எப்பப் பாத்தாலும் அதைத் திட்டிட்டே இருப்பீங்களே அண்ணி!"

"திட்டறதுக்கு எனக்கும் யாராவது வேணும்ல?"

மார்ச் 29, சனி

வண்டி மெக்கானிக் பட்டறைக்குப் போயிற்று. ஷெட்டில் கறை மட்டும். வீட்டில் நான் மட்டும்.

ஏப்ரல் 5, சனி

புது ரப்பர், புதுக் கிளிப், புதுக் கிரீஸ். மெக்கானிக்கே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். தரையில் அட்டை விரித்து இருவரும் காத்திருந்தோம். ஒரு சொட்டு இல்லை.

ஒரு சுற்று போய் வரலாமென்று ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. வந்ததே கோபம்.

"என் சீட்டை எதுக்கு நகத்தினீங்க?"

அவர் என்னையே பார்த்தார். "அக்கா, அது சார் சீட்டுன்னு நினைச்சேன்."

லிவரை இழுத்து முன்னால் நகர்ந்துகொண்டேன்.