ஈயச்சட்டி வெளியே போன வருடம்

மதினி,

இன்று சாயங்காலம் பக்கத்து வீட்டில் கொசுவுக்காகத் தேங்காய் நாரைக் கொளுத்தி வைத்திருந்தார்கள். கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். நார்ப்புகை எந்தப் பக்கம் சாய்கிறது, யார் வீட்டு ஜன்னலுக்குள் நுழைகிறது என்று கண் தானாகப் பார்க்கத் தொடங்கிவிட்டது. இந்தப் பழக்கத்தை எனக்குத் தந்தவள் நீதான். சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெகுநேரம் உன்னை நினைத்துக்கொண்டே நின்றேன்.

திருப்பாலைக்குடியிலிருந்து என் அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ அக்காள்மடத்துக்கு வந்த அன்று, நான் உன்னை "வாங்க மதினி" என்றேன். "ஒனக்கும் எனக்கும் ஒரே வயசு. வாங்க போங்கன்னா நான் எந்திரிச்சு எங்க ஊருக்குப் போயிருவேன்" என்றாய். அன்றிலிருந்து நீ, வா, போதான். என் வீட்டுக்காரர் பெரும்பாலும் கடலில் இருப்பார். உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில்தான். அதிலும் ஒரு இடத்தில் கல் சரிந்து, நாம் இருவரும் தாண்டித் தாண்டி வழியாகிவிட்டது.

படகில் கால் நசுங்கிய பிறகு அண்ணன் தொழிலுக்குப் போக முடியாமல் போனது. அப்போதுதான் வலைக்கு ஈயக்குண்டு வார்த்துக் கொடுக்க ஆரம்பித்தார். எங்கள் அய்யாவும் சும்மா இருந்த நாட்களில் அதைத்தான் செய்தார். கிழிந்த வலைகளிலிருந்து கழற்றிய பழைய ஈயமும், காயலான் கடையில் வாங்கிய பேட்டரித் தகடும் அடுப்படி மூலையில் குவிந்து கிடக்கும். மீன் குழம்பு இறங்கியதும் அதே அடுப்பில் இரும்புச் சட்டி ஏறும். ஈயம் உருகி வெள்ளியாகப் பளபளக்கும். மேலே மிதக்கும் கசடை அண்ணன் கரண்டியால் ஒதுக்குவார், நீ அச்சைப் பிடிப்பாய், ஆறிய குண்டுகளை நான் தட்டி எடுப்பேன். கீழே கொட்டிய சாம்பலை விளக்குமாறால் கூட்டி வாசலில் தள்ளுவோம். அந்தத் தரையில்தான் உன் மகள் ஜெனி தவழ்ந்தாள்.

பிள்ளை சோர்ந்துகொண்டே வந்தாள். வயிற்று வலி என்று சுருண்டு படுப்பாள். முகம் வெளுத்துவிட்டது. "அத்த" என்று என்னைத் தெளிவாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சொல்லை விட்டுவிட்டாள். பூச்சி மருந்து கொடுத்தோம், மந்திரித்தோம், வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டோம். கடைசியில் ராமநாதபுரத்துக் குழந்தை டாக்டர் ஒருவர் பிள்ளையின் விரல்களை விரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "வீட்ல யாராச்சும் பேட்டரி வேல, ஈய வேல பாக்குறீங்களா?"

ரத்தத்தை மதுரைக்கு அனுப்பினார்கள். ரத்தத்தில் ஈயம் ஏறியிருக்கிறது என்று பதில் வந்த அன்று நீ அழுவாய் என்று பயந்து நான் கூடவே இருந்தேன். நீ அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் அடுப்படி வாசலில் நின்று அந்த மூலையையே பார்த்தாய்.

அண்ணன்தான் கத்தினார். "எங்கய்யா காலத்துல இருந்து இங்கனதான் உருக்குறோம். நாங்கெல்லாம் செத்தா போயிட்டோம்?"

"செத்தாத்தான் சீக்கா?" என்றாய் நீ. குரல் உயரவே இல்லை. "தொழில விடச் சொல்லல. சட்டி வீட்ட விட்டு வெளிய போகட்டும். போனதும் சொல்லி அனுப்புங்க, நான் வாரேன்."

மறுநாள் காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பாலைக்குடிக்கு பஸ் ஏறிவிட்டாய். தெருவில் என்னென்னவோ பேசினார்கள். ஈயத்துக்காக ஒருத்தி புருஷனை விட்டுப் போவாளா, வேறு ஏதோ விஷயம் இருக்கும் என்றார்கள். அண்ணன் வீம்புக்கு அதே அடுப்பில் இன்னும் அதிகமாக உருக்கினார். போனில் பேசும்போது நீ சண்டை போடுவாய் என்று எதிர்பார்த்தார். நீயோ, "பிள்ள நல்லாத் தூங்குது. நீங்க சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்பாய். அதுதான் அவரை அதிகமாக வதைத்தது. சட்டி எங்கே இருக்கிறது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணனும் நானும் உன்னூருக்கு வந்தோம். அவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பவுடர் போட்டிருந்தார். ஜெனி அவரைக் கண்டதும் வாசலிலிருந்து கை நீட்டி ஓடி வந்தாள். நீ குறுக்கே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாய்.

"கையக் கழுவிட்டுத் தூக்குங்க."

"இப்பத்தானே குளிச்சுட்டு வாரேன்."

"கழுவுங்க."

நீயே சோப்பு கொடுத்தாய், செம்பில் தண்ணீர் ஊற்றினாய். அவர் கைகளைத் தேய்க்கத் தேய்க்கச் சாம்பல் நிறத் தண்ணீர் வழிந்தது. நகக்கண்ணிலும் ரேகைகளிலும் படிந்திருந்த கறுப்பு இரண்டாம் முறையும் வந்தது, மூன்றாம் முறையும் வந்தது. உன் அம்மா வீட்டு வெள்ளைச் சிமெண்டு தரையில் அந்தத் தண்ணீர் ஓடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். அன்று அவர் பிள்ளையைத் தூக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பாம்பன் பாலம் தாண்டும்வரை தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த நாளே ஈயம் உருக்கத் தனிக் கொட்டகை போடக் கொல்லையில் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார். நொண்டிய காலோடு பனங்கட்டைகளை நட்டார். கூரைக்குத் தகரம் போட்டோம். அடுப்புக்கு மேலே குடை மாதிரி ஒரு தகரத்தைக் கவிழ்த்து, அதிலிருந்து புகைக்குழாயை வீட்டுக் கூரையைவிட உயரமாக ஏற்றினோம். பெருமையோடு நான்தான் உனக்குப் போன் செய்தேன்.

நீ பிள்ளையை உன் அம்மாவிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்தாய். கொட்டகைக்குள் நுழைந்து ஒரு கைப்பிடி தேங்காய் நாரைக் கொளுத்தினாய். அடுப்புக்குப் பக்கத்தில் பிடித்தாய், மூலைகளில் பிடித்தாய், வாசலில் பிடித்தாய். அப்போது கச்சான் காற்றுக் காலம். தென்மேற்கிலிருந்து வீசிய காற்று, வீட்டுக்கு வடகிழக்கே இருந்த கொட்டகையின் புகையை எல்லாம் கடல் பக்கம் அள்ளிக்கொண்டு போனது. அண்ணன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"வாடை வந்தா?" என்று கேட்டாய்.

அவர் சிரிப்பு நின்றது. வாடைக் காற்று வடகிழக்கிலிருந்து வருவது. அப்போது அந்தப் புகை நேராக உங்கள் படுக்கையறைக்குத்தான் வரும். சிறுவயதிலிருந்து காற்றைப் பார்த்துப் பாய் விரித்தவர், தன் கொல்லைக்குக் காற்றுப் பார்க்க மறந்துவிட்டார். நீ அதைச் சொல்லிக் காட்டவில்லை. "ஒங்களுக்குத் தெரியாத காத்தா? எங்கன வச்சா ரெண்டு காத்துக்கும் வீடு தப்பும்னு நீங்களே சொல்லுங்க" என்றாய்.

அவர் கொல்லை நடுவே வெகுநேரம் நின்றார். பிறகு தென்கிழக்கு மூலையைக் காட்டினார். அங்கே வைத்தால் கச்சானும் வாடையும் புகையை வீட்டுக்குக் குறுக்காக எடுத்துப் போய்விடும், அந்தப் பக்கம் வெறும் பனங்காடு. "தென்கிழக்குக் கொண்டல் அடிச்சா மட்டும் புகை வீட்டுப் பக்கம் சாயும். அன்னைக்கு அடுப்பு பத்த வைக்க வேணாம்" என்று அவரே சேர்த்துச் சொன்னார். கட்டைகளைப் பிடுங்கி மறுபடி நட்டோம். இந்த முறை நீயும் குழி தோண்டினாய்.

புகை போனால் போதுமென்று நான் நினைத்தேன். "புகையாச்சும் கண்ணுக்குத் தெரியுது புள்ள. தூசிதான் தெரியாம வீட்டுக்குள்ள வருது" என்று நீ சொன்னாய். கொட்டகைக்குச் சிமெண்டுத் தரை போட்டாய். அங்கே விளக்குமாறு நுழையக் கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். ஆனால் உருக்கும்போது பக்கத்தில் சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது, ஈர ஈயம் சட்டியில் விழுந்தால் வெடித்துத் தெறிக்கும் என்று பழைய குண்டுகளை வெயிலில் பரப்பிக் காயவைத்தாய். பேட்டரித் தகட்டை அடியோடு நிறுத்தினாய். வேலைக்கு ஒரு கைலி, ஒரு செருப்பு, இரண்டும் கொட்டகையிலேயே கிடக்கும். கசடு மூடி போட்ட தகர டின்னில். பீடியோ டீயோ அங்கே கிடையாது. வீட்டுத் தரையை நாம் இருவரும் எத்தனை முறை கழுவினோம் என்று எனக்கு நினைவில்லை. பாயையெல்லாம் மாற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த பிறகுதான் ஜெனி வீட்டுக்குள் வந்தாள்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மறுபடி மறுபடி மதுரைக்கு ரத்தம் போனது. கொஞ்சம் கொஞ்சமாக ஈயம் குறைந்தது, முகத்தில் ரத்தம் ஏறியது. ஒருநாள் சரிந்த மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று "அத்த" என்றாள். நான் கையிலிருந்த மீனைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். இப்போது ராமநாதபுரத்தில் கல்லூரிக்குப் போகிறாள். கணக்கு மட்டும் வராது. அது ஈயத்தால் வந்ததா, நம் வம்சத்தால் வந்ததா என்று நீயும் நானும் சிரித்திருக்கிறோம். சிரித்துவிட்டு இருவரும் அடுப்படி மூலையைத் திரும்பிப் பார்த்தும் இருக்கிறோம்.

போன தவக்காலத்தில், காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆம்புலன்ஸ் பாலத்தைத் தாண்டியது, நீ தாண்டவில்லை. உனக்கு நெடுநாளாக ரத்தக் கொதிப்பு இருந்தது. அச்சைப் பிடித்துக்கொண்டு சட்டிக்குப் பக்கத்திலேயே குனிந்திருந்த அந்த வருடங்களுக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று டாக்டரிடம் கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிள்ளையை வெளியே தூக்கிக்கொண்டு போன நீ, உன் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லி ஒருமுறைகூடக் கேட்கவில்லையே மதினி.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தெற்குத் தெருவுக்குப் புதிதாக ஒரு இளம் ஜோடி குடிவந்திருக்கிறது. அந்தப் பையனும் கேஸ் அடுப்பில் ஈயம் உருக்குகிறான். பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். போய்ச் சொன்னேன், சிரித்தார்கள். அந்தப் பெண் காபி கொண்டுவந்து நீட்டினாள். "இந்த வீட்ல நான் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன் தாயி" என்றேன். அவள் முகம் செத்துப்போனது. "ஏன் அத்த, எங்க வீட்டுக் காபிக்கு என்ன கொற?" என்றாள். நானா இப்படிப் பேசினேன் என்று எனக்கே இருந்தது. "ஒங்கிட்ட கொற இல்ல. சட்டி வெளிய போகட்டும், நானே வந்து கேட்டுக் குடிப்பேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சத்தம் போடாமல், உறவையும் அறுக்காமல், ஆனால் வராமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. நீ அதை மாதக்கணக்கில் செய்தாய்.

போன வாரம் அந்தத் தெரு வழியாக வந்தபோது அவளே வாசலில் நின்று கூப்பிட்டாள். கொல்லைக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள். சட்டி வெளியே வந்துவிட்டது. வீட்டுத் தரையையும் கழுவியிருந்தாள். ஆனால் அடுப்பை அடுப்படி ஜன்னலுக்கு நேர் கீழே வைத்திருந்தார்கள்.

"இப்பக் குடிப்பீகளா அத்த?"

"அரை கிளாஸ் போடு தாயி" என்றேன். "மிச்சத்த, அடுப்பு அந்த ஜன்னல விட்டுத் தள்ளிப் போனதும் வந்து குடிக்கிறேன்."